சல்லடை யார் கையில்?

மலையினின்று போடிநாயக்கனூர்க்கு இறங்கும் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுச் சலித்து, 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் எனப் பருமன் பார்த்துப் பிரிக்கின்றனர். ஆயினும், சல்லடையோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பருமன் தெரியும், நிறம் தெரியாது. வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கியெடுப்பவை நம் பெண்டிரின் கண்களும் கைகளுமே. இணையத்தை வடிகட்டும் காப்புப் பணியைப் பற்றியும் நாம் சொல்வது இதுவே.

நம் கணினிக்கும் வெளியுலகிற்கும் இடையே நின்று, நாம் தேடும் ஒவ்வொரு தளத்தையும் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா என முடிவு செய்வது இவ் வடிகட்டி. இதனால் நன்மையே இல்லை என்பது அறியாமை. வங்கியின் பெயரில் போலித் தளம் அமைத்துக் கடவுச்சொல்லைக் கவரும் கள்வரை இது வாயிலிலேயே மறிக்கின்றது. ஏலக்காய் விற்பனையே மின்னேலமாய் நடைபெறும் நம்மூரில் இக்காப்பை வேண்டாவென்பார் யார்? சிறார் கண்ணில் இழிபடங்கள் படாமல் தடுப்பதும் இதன் நற்பயனே.

ஆனால், அப்பட்டியலை எழுதுபவர் யார்? எம்மொழியறிவு கொண்டு எழுதுகின்றார்? 1996இல் இங்கிலாந்திலுள்ள இசுகன்தோர்ப்பு என்னும் ஊரினர், அமெரிக்க ஏ.ஓ.எல். குழுமத்தில் தம் ஊர்ப்பெயரைப் பதிந்து கணக்குத் தொடங்க இயலாமற் போயிற்று. அப்பெயரின் நடுவே ஓர் ஆங்கில இழிசொல்லின் எழுத்துகள் அமைந்திருந்தமையே குற்றம்! தன் தாய்மொழியிலேயே ஊருக்கும் வசைக்கும் வேறுபாடு காணாத கருவி, தமிழில் என் செய்யும்? கூடலூர்க்கு மேலே, வண்ணாத்திப்பாறையில் கண்ணகி கோட்டம் நிற்கின்றது. இடமுலை திருகியெறிந்து மதுரையை எரித்த அவள் வரலாற்றைத் தேடும் மாணவியை, ‘முலை’ என்னும் சொற்கண்டு அக்கருவி மறிக்குமாயின், இழுக்கு அவளுக்கா, நமக்கா?

இனி, வடிகட்டி ஆள்வோர் கையிற் சேர்ந்தால் வாய்ப்பூட்டாகவும் மாறும். 2025 பிப்பிரவரியில், தலைமையமைச்சர் மோடி விலங்கு பூட்டப்பட்டு அமெரிக்கத் தலைவர் திரம்பின் அருகில் அமர்ந்திருப்பதாக விகடன் குழும மின்னிதழ் ஒரு கருத்துப்படம் வெளியிட்டது. அம்மாதம் 15ஆம் நாள் விகடன் தளமே முடக்கப்பட்டது. மார்ச்சு 6ஆம் நாள் சென்னை உயர்நயன்மன்றம், அப்படத்தை அப்போதைக்கு நீக்கச் செய்து தளத்தைத் திறக்க ஆணையிட்டது. ஒரு காய் பிடிக்கவில்லையென்று மூட்டையையே பூட்டிய செயலன்றோ இது! இத்தகைய தடைகளைக் கமுக்கமாய் வைத்துக்கொள்ளவும் 2009ஆம் ஆண்டின் விதிகள் இடந்தருகின்றன.

ஆகவே, வடிகட்டியை ஒழிக்கச் சொல்லவில்லை, நெறிப்படுத்தவே சொல்கின்றோம். எது, ஏன் தடுக்கப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிதல் வேண்டும். தவறான தடையை நீக்கும் திறவுகோல் பள்ளியில் ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். நாம் தேடியவற்றையெல்லாம் அறியும் அக்கருவி அவற்றைச் சேர்த்துவைத்துப் பிறர்க்கு விற்றலாகாது. தமிழ்ச்சொற்களின் தகுதியைத் தமிழறிந்தாரே முடிவு செய்தல் வேண்டும்; தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்பணியை மேற்கொள்ளலாம்.

நம் காயைச் சலிக்க நம் சல்லடையும் நம் கண்ணும் உண்டு. நம் மொழியைச் சலிக்கும் பணியை மட்டும் தமிழறியாதாரிடம் விட்டுவிட்டு வாளா இருப்பதோ? எண்ணுக, தமிழர்களே!