சிக்கனம் எதில் வேண்டும்?

தொப்பம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில், பெண்கள் எண்ணெயிலும் பருப்பிலும் செட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிறார்கள். ஆண்களோ ஊர் மெச்ச வேண்டுமென்று, கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் ஒரு லட்சம் கடன் வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியென்றால், மாதம் 2,000 ரூபாய். 5 வருஷத்தில் 1,20,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதலோ அப்படியே நிற்கும்!

அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் தபாலாபீசு 5 வருஷச் சேமிப்பில் கட்டினால், அந்த 1,20,000 ரூபாய் வட்டியோடு நம் கைக்கே வரும்.

புரோகிதரும் பெரும் பந்தலுமில்லாமல், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லுமென்று 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமே நிறைவேறியது.

தோழர்களே! குழந்தையின் பாலைக் குறைப்பது சிக்கனமாகாது. ஒரு நாள் ஆடம்பரத்தை ஒழிப்பதே சிக்கனமாகும்.