ஆடாத விலை

பங்குச் சந்தை சூதாட்டக் களம் என்பர் ஒரு சாரார். நம்மினத்தார்க்கு முதலீட்டு விழிப்பே இல்லை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் நம் வீட்டுப் பெரியவர்கள். பின்னவர் மேடைப் பெரியவர்கள். இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஒரே பிழையின் இரு கிளைகளே என்பது என் துணிபு. விலை ஆடுவதுதான் ஆபத்து என்று இரு சாராரும் நம்புகின்றனர். ஆட்டம் கண்டு ஓடிவிடு என்கிறார் பாட்டி. கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திரு என்கிறார் பேச்சாளர். ஆடாத விலையால் அழிந்தவர்களின் கதையை இருவருமே மறந்துவிட்டனர். அக்கதையோ நம் பேரா மாநிலத்து லயங்களில் தகரப் பெட்டிக்குள் தாளாகக் கிடந்தது.

பங்குச் சந்தை நமக்கு அயலானது என்ற எண்ணத்தை முதலில் களைய வேண்டும். கோலகங்சாரில் 1877-இல் இரப்பர்க் கன்று நடப்பட்டது. 1910-இல் இலண்டன் பங்குச் சந்தை இரப்பர்ப் பங்குகளுக்காகப் பித்துப் பிடித்து அலைந்தது. அந்தப் பித்துத்தான் சஞ்சிக் கூலியாகவும் கங்காணி ஆளாகவும் நம் முன்னோரைக் கப்பல் கப்பலாக இங்கே இறக்கியது. 1930-களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, பல்லாயிரவர் அதே கடல் வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். பெரட்டுக்களத்தில் நின்ற ஒரு பால்மரத் தொழிலாளிக்குப் பங்கு என்னும் சொல்லே தெரியாது. ஆயினும் அவன் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்தச் சந்தையின் கையில்தான் இருந்தது. ஆதாயம் வேறொருவர்க்கு, ஆட்டம் நமக்கு என்பதே நம் முதல் பாடமாய் அமைந்தது.

இரண்டாம் பாடம் மேன்மையானது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராகுங்கள் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று கேட்டார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. அந்தப் பத்து வெள்ளியை ஒரு வெட்டுத் தொழிலாளியின் குடும்பம் எதை விட்டு எடுத்தது என்று எண்ணிப் பார்ப்போர் நமக்கு முதலீட்டு விழிப்பு இல்லை என்று பேசமாட்டார்கள்.

மூன்றாம் பாடம்தான் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1982-இல் ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 66,000 பேர், பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் திரட்டிக் கொடுத்தனர். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர் உண்டு. வங்கியில் கடன்பட்டுக் கொடுத்தவரும் உண்டு. 1990-இல் அரசாங்கம் இந்தியச் சமுதாயத்துக்கென ஒதுக்கிய ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் பத்து இலட்சம் மட்டுமே மைக்காவை அடைந்தது. எஞ்சிய தொண்ணூறு இலட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றது. விசாரணை நடந்தது; வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. இறுதியில், 2010-இல், ஒரு வெள்ளிப் பங்கை 80 காசு விலைக்கு ஒரு தனியார் நிறுவனம் எடுத்துக்கொள்ள முன்வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளியை 26 ஆண்டுகள் நான்கு விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 2 வெள்ளி 77 காசாகியிருக்கும். (இடையில் வந்த ஈவுத்தொகையை விட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.) எண்பதுகளில் ஊழியர் சேமநிதி வாரியம் கொடுத்த ஈவோ எட்டு விழுக்காட்டுக்குக் குறைந்ததில்லை. எனினும் நான் சுட்ட விரும்புவது இழப்பின் அளவை அன்று. மைக்காவின் பங்கு கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையில் ஒருநாளும் பட்டியலிடப்படவில்லை. ஆகவே அதன் விலை ஆடவும் இல்லை! நாளிதழில் அதன் பெயர் ஏறவில்லை, இறங்கவில்லை. தாளில் ஒரு வெள்ளி என்று அச்சிட்டிருந்தது. அது அப்படியே இருந்தது. விற்க எண்ணியவனுக்கு விற்குமிடம் இல்லை. சரிவைக் காண வழியில்லாததால் சினங்கொள்ளவும் காலம் பிடித்தது.

இதிலிருந்து நம்மவர் கற்றுக்கொண்டது என்ன? பங்கு என்றாலே ஏமாற்று என்று கற்றனர். கற்றிருக்க வேண்டியதோ நேர்மாறானது. நாள்தோறும் ஆடும் விலை, 'இன்று நீ விற்றால் இவ்வளவுதான்' என்று முகத்துக்கு நேரே சொல்லும் விலை. அது கசப்பாகலாம், பொய்யாகாது. அமானா சஹாம் போன்ற நிலைவிலைத் திட்டங்களைக் காட்டி எவரேனும் என்னை மறுக்கலாம். அவற்றின் விலையும் ஒரு வெள்ளியிலேயே நிற்பதுதானே என்பர். நிற்கட்டும், அந்த ஒரு வெள்ளியை எந்த வேலை நாளிலும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கொடுத்து ஒரு வெள்ளியாகவே வாங்கிக்கொள்ள முடிகிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இனி வட்டிக்கு வருவோம். வட்டி ஏறினால் பங்கு விலை ஏன் இறங்குகிறது என்று நம் பட்டதாரிகளைக் கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். ஒரு வெள்ளிப் பங்கு ஆண்டுக்கு 5 காசு ஈவு தருகிறது. வங்கியின் நிரந்தர வைப்போ 3 காசு தருகிறது என்று கொள்வோம். இடையிலுள்ள 2 காசு, அச்சத்தைச் சுமப்பதற்கான கூலி. வங்கி வட்டி 5 காசாகிவிட்டால் அச்சத்தைக் கூலியின்றிச் சுமப்பவர் யார்? பழையபடி 2 காசு கூடுதலாகக் கிடைக்க, அந்தப் பங்கின் விலை 71 காசளவுக்கு இறங்கியாக வேண்டும். நிறுவனத்தில் ஓர் ஆணிகூடக் கழன்றிருக்காது. கடன் வாங்கித் தொழில் செய்யும் நிறுவனமாயின் அதன் வட்டிச் சுமையும் கூடும். விலை இன்னும் சரியும். இதை அறியாதவன் 71 காசைக் கண்டதும் நிறுவனம் முழுகிவிட்டது என்று பதறி விற்கிறான். விற்ற பணத்தை, உயர்ந்த வட்டியில், வங்கியில் வைத்துவிட்டு நிம்மதி அடைகிறான்.

அந்த நிம்மதியின் விலையை 1998 காட்டியது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியில் இருந்த கோலாலம்பூர்ப் பங்கு விலைக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாள் 262-க்கு வீழ்ந்தது. அவ்வாண்டின் நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. வைப்புக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டி வட்டி கிடைத்தது. எல்லாவற்றையும் விற்று வைப்பில் போட்டவர் புத்திசாலியாகத் தோன்றினார். மறுநாளே வெள்ளியின் மதிப்பு டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டது. மாதங்களுக்குள் வட்டி இறங்கியது. 1999 முடிவில் குறியீடு 812. அடிமட்டத்தில் விற்று வைப்பிலிட்டவரின் நூறு வெள்ளி நூற்றுப்பத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். குறியீட்டோடு சென்ற நூறு வெள்ளி முந்நூற்றைத் தாண்டியது.

ஆனால் நில்லுங்கள். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் மேடையிலுள்ளவர் கைதட்டல் வாங்குகிறார். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடிக்கிறார். குறியீடு ஒரு மனிதனன்று. கடன் வாங்கி ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்கியவன் குறியீட்டோடு எழவில்லை; அவன் நிறுவனமே பட்டியலிலிருந்து மறைந்தது. வேலை போன வீட்டில், வீட்டுக்கடன் வட்டியும் ஏறிய மாதத்தில், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்னால் பொறுமை என்ன செய்யும்? ஆறுமாதச் செலவுக்குக் கையிருப்பு உள்ளவனுக்கே பொறுமை உண்டு. அது இல்லாதவனைப் பொறுக்கச் சொல்வது பசித்தவனுக்கு நோன்பின் பெருமையைப் போதிப்பதாகும். மேலும், பொறுமையை நமக்கா கற்பிக்க வேண்டும்? மைக்காத் தாளைக் கால் நூற்றாண்டு பெட்டியில் வைத்துக் காத்த சமுதாயமல்லவா இது! பொறுமை குறைவாக இருந்து நாம் கெடவில்லை. கணக்கைக் காட்டு என்று கேட்காத பொறுமையால் கெட்டோம்.

இந்தத் தலைமுறை வேறொரு வகையில் சூடுபட்டது. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் கையுறை நிறுவனப் பங்குகள் வானுக்கு ஏறின. டாப் குளோவ் பங்கு 9 வெள்ளிக்கு மேல் சென்றது. பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள், அதே இரப்பர்ப் பாலில் செய்த கையுறைக்குக் கைப்பேசியில் விலை பார்த்துக்கொண்டிருந்தனர். 2022-இல் அது ஒரு வெள்ளிக்கும் கீழே கிடந்தது. வட்டி அதைக் கொல்லவில்லை. உச்சத்தில் வாங்கத் தூண்டிய கூட்ட மயக்கமே கொன்றது. அந்த ஆண்டு மே மாதம் பேங்க் நெகாரா வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 1.75 விழுக்காடாக இருந்த அடிப்படை விகிதம் 2023 மே மாதத்தில் 3.00 ஆயிற்று. பட்ட சூட்டோடு பலர் எல்லாவற்றையும் விற்று, நான்கு விழுக்காட்டை ஒட்டி வைப்பு வட்டி தந்த வங்கிகளின் வாசலில் நின்றனர்.

அவர்களுள் வீட்டுக்கடன் உள்ளவர் எத்தனை பேர்? அவ்விகிதம் ஏறினால் வீட்டுக்கடன் வட்டியும் ஏறும். நான்கரை விழுக்காட்டில் கடனை வைத்துக்கொண்டு நான்கில் வைப்பு வைப்பவர், வங்கிக்குத் தம் பணத்தைக் கடனாகக் கொடுத்து அதையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிறார். ஈப்போ லகாட் சாலையில் ஒரு காலத்தில் கணக்குப் பிள்ளையாய் இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது! 2025 ஜூலையில் விகிதம் 2.75-க்கு இறங்கியது, வைப்பு வட்டியும் இறங்கியது. இனி அதே வரிசை தங்கக் கடைக்கோ வேறொரு கைப்பேசிச் செயலிக்கோ நகரும்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோயன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1986-இல் வைப்பு ஏற்ற 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது தவித்தவர்கள் பெரும்பாலும் சீனச் சிறு சேமிப்பாளர்களே. இனப்பண்பைக் காரணம் காட்டுவோர் இதை நினைவிற் கொள்வாராக. நம் நிலையின் வேறுபாடு, விழுந்தால் தாங்குவதற்கு நிலமும் கடையும் குறைவு என்பதே.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை விழாதோறும் முழங்குகிறோம். ஆனால் வட்டி ஏறினால் வைத்த பொருளின் விலை இறங்கும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. அதற்குப் புதுப் பாடநூல் வேண்டா. மேலே கண்ட ஐந்து காசுக் கணக்கு கரும்பலகையில் நான்கு வரி. அதோடு மூன்று கேள்விகளை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். நம் பணம் எங்கே இருக்கிறது? அதன் கணக்கை ஆண்டுதோறும் யார் காட்டுகிறார்? நாளையே வேண்டுமென்றால் எவ்வளவுக்குத் திரும்ப வரும்? சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ ஒரு மாணவி இக்கேள்விகளோடு வீடு திரும்பினால், பாட்டி அந்தப் பழைய தகரப் பெட்டியைத் திறந்து காட்டக்கூடும்.