அளவு நாடா சொல்லாதது

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ். ஒலிம்பிக் பாட்மின்டன் அரையிறுதியில் முதல் செட்டை 21-14 என்று எடுத்துவிட்டு, இரண்டாவதிலும் 10-6 என முன்னிலையில் இருந்தார் ஸ்பெயினின் கரோலினா மரின். பாய்ந்து இறங்கிய வேளையில் வலது முட்டி பிசகி விழுந்தார். பிரேஸ் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தும் ஆட முடியவில்லை. எதிராளி இரண்டு புள்ளி எடுத்ததும் விலகினார். ஏசிஎல்லோடு இரண்டு மெனிஸ்கஸும் கிழிந்திருந்தன. 2019 ஜனவரியில், சாய்னா நேவாலுடன் ஆடிய இந்தோனேசிய இறுதிப் போட்டியில் கிழிந்ததும் அதே வலது கால் ஏசிஎல்தான். நடுவே 2021-இல் இடது கால். டோக்கியோ ஒலிம்பிக் அதில் போயிற்று.

2019-இல் காயம் பட்டு எட்டு மாதம் நிறைவதற்குள் மரின் சீன ஓப்பனை வென்றார். ஐந்தாண்டு கழித்து வந்த காயத்துக்கு அந்த அவசரத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால், கிளினிக்குக்கு வரும் கபடிக்காரப் பையனின் செல்போனில் இருப்பது அந்த எட்டு மாதம்தான். 2023 ஆகஸ்டில் ஏசிஎல் அறுவை செய்துகொண்டு, ஓராண்டு ஆகுமுன் பாரிஸ் களத்தில் யுய் சுசாகியை வீழ்த்திய வினேஷ் போகத்தும் அதில் இருப்பார். "ஜவ்வு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு சார், எப்ப எறங்கலாம்?" என்ற கேள்விக்கு நம்மில் பலர் இன்னும் காலண்டரைப் பார்த்தே பதில் சொல்கிறோம்.

டெலாவேர்-ஆஸ்லோ குழுவின் 2016 ஆய்வை நம் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய விகிதத்தை 51 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வின் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தகுதித் தேர்வுகளில் தேறாமல் களம் இறங்கியவர்களில் 38.2 விழுக்காட்டினருக்கு மறுபடி முட்டிக் காயம், தேறியவர்களில் 5.6. தேறியோர் பதினெட்டே பேர் என்பதால் இன்னும் ஒருவர் விழுந்திருந்தால் அந்த 5.6 இரட்டித்திருக்கும்; எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். திசை மட்டும் தெளிவு. ஒன்பது மாதம் என்பது தேர்வு எழுத வரும் நாள், தேர்ச்சி அல்ல.

அந்தத் தேர்வை நாம் எப்படி நடத்துகிறோம்? தரையில் அளவு நாடாவை ஒட்டி ஒற்றைக்காலில் தாண்டச் சொல்கிறோம். நல்ல கால் 150 செ.மீ., அறுவை செய்த கால் 140 என்று வைத்துக்கொள்வோம். 93 விழுக்காடு, பையன் முகம் மலர்கிறது. அதே கால்களின் தொடை முன்தசையை டைனமோமீட்டரில் அளந்தால் 42 கிலோவுக்கு 30 என்று வரலாம். அது 71 விழுக்காடு. முன்னோக்கித் தாண்டும்போது இடுப்பும் கணுக்காலும் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் முட்டியின் குறை நாடாவில் தெரிவதில்லை. ஒப்பிடும் நல்ல காலும் மாதக்கணக்கில் ஓய்ந்து இளைத்திருக்கும். அறுவைக்கு முன்பே அதன் பலத்தை அளந்து எழுதிவைக்காத இடத்தில் 90 விழுக்காடு என்பதற்குப் பெரிய பொருள் கிடையாது.

ஐசோகைனட்டிக் கருவி வாங்க எத்தனை பேரால் முடியும் என்பது நியாயமான கேள்விதான். பெல்ட் மாட்டிய கைக்கருவி போதும். அதுவும் இல்லையென்றால் பக்கத்து ஜிம்மின் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் ஒவ்வொரு காலாக ஏற்றிப் பார்க்கலாம்.

சறுக்கல் தொடங்குவது முதல் வாரத்திலேயே. வலிக்கிறதே என்று வீட்டில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுகிறார்கள். சுகமாகத்தான் இருக்கும், முழு நீட்டம் போய்விடும். சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில் வர வேண்டும் என்பதை அம்மாவிடம் செய்தே காட்ட வேண்டியிருக்கிறது. வீக்கம் நீடித்தால் தசைக்கு வரும் நரம்புக் கட்டளை தடைபடும். காலை எத்தனை தரம் தூக்கினாலும் தொடை எழும்பாது.

மூன்றாம் மாதம் நொண்டாமல் நடக்கிறார். அடுத்து சம்மணம் போட வருகிறது. குடும்பத்துக்கு அதுவே குணம். வருகை நின்றுபோகிறது. குதிப்பு, திடீர் நிறுத்தம், திசைமாற்றம் எல்லாம் பழகவேண்டிய காலம் அதன் பிறகுதான் வருகிறது. 25 வயதுக்குட்பட்டு ஆபத்தான விளையாட்டுக்குத் திரும்புவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இந்தக் காலிலோ அந்தக் காலிலோ மறுபடி ஏசிஎல் கிழிகிறது என்று 2016-இன் தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

இருபது வருகைக்குத்தான் ஒருவரால் பணம் கட்ட முடியுமென்றால், அத்தனையையும் முதல் ஆறு வாரத்தில் தீர்த்துவிடுகிறோம். பாதியையாவது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒதுக்கிவைத்து, அந்தத் தேதிகளை முதல் நாளே சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பயிற்சியாளருக்குப் போகும் கடிதத்தில் 'விளையாடத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரிக்குப் பதில், இரு கால்களின் பலமும் அறுவைக்கு முன் எடுத்த அளவும் அடுத்தடுத்து இருக்கட்டும்.