ஆலையை ஏலம் விடுபவர் யாருடைய ஆள்?

பாலக்கோடு பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை நொடித்துப்போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காய் ஏற்றிய விவசாயிக்கு ரூ.2 லட்சம் பாக்கி. வங்கிக்கோ கோடிக்கணக்கில் கடன். ஆலையை எடுத்து நடத்த யாரும் முன்வராவிட்டால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் (என்சிஎல்டி) அதைக் கலைக்க உத்தரவிட்டு, ‘லிக்விடேட்டர்’ எனப்படும் கலைப்பாளரை நியமிக்கும்.

சொத்தைக் கையில் எடுப்பது, பாக்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, ஏலம் விடுவது, பணத்தைப் பிரிப்பது எல்லாம் இவர் வேலை.

யாருக்கு முதலில் பணம்?

2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் 53-வது பிரிவு வரிசையைச் சொல்கிறது. கலைப்புச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் அடமானம் பெற்ற வங்கிகளும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாக் கடன் தந்தவர்கள், அரசு பாக்கி. விவசாயி அதற்கும் பின்னால். ஆக, ரூ.10 கோடி பெறும் ஆலை ரூ.6 கோடிக்குப் போனால் முதல் அடி அவருக்குத்தான். விற்பவரின் நேர்மை அவருக்குச் சோத்துப் பிரச்சினை.

சட்டம் என்ன வேலி போட்டிருக்கிறது?

கலைப்பாளர் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். தன் உறவினருக்கோ, தான் அமர்த்திய நிபுணருக்கோ தீர்ப்பாய அனுமதி இல்லாமல் தனியாக விற்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தவறினால் திவால் வாரியம் பதிவையே ரத்து செய்யலாம்.

இதற்கு முந்தைய கட்டத்தைக் கவனிக்கும் நிபுணர் விஷயத்தில் 2020-ல் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. மெட்டனியர் நிறுவன வழக்கில் ஸ்டேட் வங்கி முன்மொழிந்தவர், அதே வங்கியில் 39 ஆண்டுகள் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர். அவரை மாற்றச் சொன்னதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமான சந்தேகமே போதும் என்பதுதான் இதன் சாரம்.

கேள்வி கேட்கும் கலைப்பாளரால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை சுரானா வழக்கு சாட்சி. 2012-ல் சிபிஐ பறிமுதல் செய்த 400 கிலோ தங்கத்தில் 103 கிலோவுக்கு மேல் குறைந்ததை 2020-ல் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது கலைப்பாளர்தான். நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது.

இனி?

2025 ஆகஸ்ட்டில் அறிமுகமான திருத்த மசோதா, கலைப்பையும் கடன்கொடுத்தோர் குழுவின் மேற்பார்வையில் வைக்க முன்மொழிந்தது. வேகம் கூடலாம். ஆனால் அந்தக் குழுவில் ஓட்டு பெரும்பாலும் வங்கிகளுக்குத்தான். காய் ஏற்றியவருக்கு இல்லை. தங்கள் கடன் வந்தால் போதும் என்று வங்கிகள் நினைத்தால், மீதிக்காக யார் பேரம் பேசுவார்? அதனால் தீர்ப்பாயத்தின் பிடி தளரவே கூடாது.

விவசாயியும் சும்மா இருக்கக் கூடாது. எடைச் சீட்டு, பில்லோடு கெடுவுக்குள் உரிமை கோர வேண்டும். நிராகரித்தால் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயம் போகலாம். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு அந்தக் கதவு ஒன்றுதான் இருக்கிறது.