பேட்டரியை யார் மாற்றுவது?

நம் நகரங்களின் தொழில்நுட்பத் திட்டங்களுக்குத் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, டிரோன் படம் உண்டு. அதற்கடுத்த மூன்றாவது வருடத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. நாடு முழுக்க 100 நகரங்கள், அதில் 11 தமிழ்நாட்டில். சுவர் நிறையத் திரைகளோடு ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டு மையம் வந்தது. ஒரு திரை அணைந்தால் வந்து பார்க்க ஆள் உண்டு, அதற்கு ஒப்பந்தமும் உண்டு. அதே நகரத்தில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் போன் திரை உடைந்தால் அது அவர் பாடு.

முன்பு போன் கெட்டால் பேச முடியாது, அவ்வளவுதான். இப்போது கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளித் தகவல், உரிமைத்தொகை வந்ததா என்கிற குறுஞ்செய்தி, ஆதார் ஓடிபி, அடுத்த நாள் வேலைக்கான அழைப்பு எல்லாமே அந்த உடைந்த திரைக்குள் இருக்கின்றன. போன் உடையாமலே கதவு மூடுவதும் உண்டு. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்சப் வேலை செய்யாது. சாதனம் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனி கைவிட்டுவிட்டது. அந்த வாட்சப்பை நோக்கித்தான் அரசுச் சேவைகளும் ஒவ்வொன்றாக நகர்கின்றன.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழுதாகிக் கிடக்கும் அரசு மடிக்கணினியைக் காட்டி, 'பார்த்தீர்களா, இலவசம் கொடுத்தால் இப்படித்தான்' என்று பேசும் கூட்டம் இங்கே எப்போதும் தயாராக இருக்கிறது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி 'ரேவடி' என்று கேலி செய்தபிறகு அந்தப் பேச்சுக்கு இன்னும் தைரியம் வந்தது. என் விமர்சனம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த மடிக்கணினித் திட்டம், வீட்டில் அதுவரை கணினியே பார்த்திராத லட்சக்கணக்கான பிள்ளைகளின் மடியில் ஒன்றை வைத்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 சதவீதம்தான். அந்தச் சூழலில் அது பெரிய காரியம். கொடுத்தது தவறில்லை, பாதி கொடுத்ததுதான் சிக்கல்.

ஒரு லித்தியம் பேட்டரி சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கும்வரைதான் தெம்பாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது தளரும், சில சமயம் உப்பும். மூடியின் கீல் விடும். சார்ஜர் ஒயர் கழுத்தில் அறுந்துபோகும். இவையெல்லாம் விபத்துகள் அல்ல, சாதனம் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே தெரிந்த விஷயங்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு பேட்டரியின் விலை கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைக்கு அப்பா புதிதாக வாங்கித் தருவார். இந்தப் பிள்ளையின் கணினி அலமாரிக்கு மேலே ஏறும். அந்தப் பிள்ளை படித்துமுடிக்கும் முன்பே அது நடக்கிறது.

தூரம் இன்னொரு பிரச்சினை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து சென்னை தன் உழைக்கும் மக்களை, பெரும்பாலும் தலித்துகளை, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே செல்போன் கடைகள் இருக்கின்றன. ரீசார்ஜ் ஆகும், டெம்பர் கிளாஸ் ஒட்டுவார்கள். மதர்போர்டு வேலை என்றால் ரிச்சி தெருவுக்குத்தான் வர வேண்டும்; ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். இரண்டு நாள் கூலி போச்சு. நகரத்தின் நடுவில் இருந்தபோது ரிச்சி தெரு நடக்கும் தூரத்தில் இருந்த குடும்பங்களும் இவர்களில் உண்டு. வெளியேற்றத்தின் கணக்கில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். நான் அதை முழுதாக நம்புவதில்லை. புதிதாக உருவாக்குவது உயர்ந்தது, இருப்பதைச் சுத்தம் செய்து ஓட வைப்பது தாழ்ந்தது என்ற மதிப்பீடு இந்தச் சமூகத்தில் சாதியோடு சேர்ந்தே வளர்ந்தது. சாதி பிரிப்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையும்தான் என்பதை 1936-லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். வடிவமைக்கிறவர் 'இன்னொவேட்டர்', சாலிடர் பிடிக்கிறவர் 'மெக்கானிக்'. கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பிஜிஏ சிப் மாற்றக் கற்றுக்கொண்ட ரிச்சி தெரு இளைஞனின் அறிவுக்கு எந்த ஸ்மார்ட் சிட்டி அறிக்கையிலும் இடமில்லை.

இந்த மனநிலையின் கொடூரமான வடிவம் சண்டிகரில் தெரிந்தது. துப்புரவுத் தொழிலாளர்களைக் கண்காணிக்க மாநகராட்சி அவர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியது. நகரத்தையே பராமரிக்கிறவர்கள், தங்களை வேவு பார்க்கும் கருவியையும் வீட்டுக்கு எடுத்துப்போய், தங்கள் மின்சாரத்தில் சார்ஜ் போட்டுப் பராமரிக்க வேண்டியிருந்தது. தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. தொழிலாளர்கள் போராடினார்கள்.

ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் அது நுகர்வோருக்கான உரிமை, கையில் பில் வைத்திருப்பவருக்கு. பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கியவரிடம் பில் ஏது? அரசு கொடுத்த கணினிக்குப் பில் ஏது? நமக்குத் தேவை குடிமக்கள் என்ற அடிப்படையிலான உரிமை.

கேரளத்தில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே வன்பொருள் முதல் மென்பொருள் வரை சொல்லித் தருகிறார்கள். பள்ளிக் கணினிகளும் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. (கேரளத்தில் சாதி இல்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) இங்கே வார்டுக்கு ஒரு பழுதுபார்ப்பு மேசை போதும், நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ. உதிரிபாகம் மாநகராட்சிச் செலவில் வர வேண்டும். சரிசெய்து முடியும்வரை ஒரு மாற்றுச் சாதனம் கடனாகத் தர வேண்டும். அந்தப் போனில் வங்கியும் குடும்பப் படங்களும் இருப்பதால், அதைத் திறக்கிறவர் பொறுப்புக்கூற வேண்டிய ஊழியராக இருக்க வேண்டும்.

ஊழியர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பட்டியல் சமூக இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்றாலே செல்போன் சர்வீஸ், ஏசி மெக்கானிக், டிரைவிங் என்று பட்டியல் போட்டு அனுப்பும் வழக்கம் இங்கே இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்ட துப்புரவுப் பணி போல இதுவும் ஆகிவிட்டால், புது யூனிபார்மில் பழைய சாதித் தொழில்தான். நிரந்தரப் பணியிடம், இடஒதுக்கீடு, பதவி உயர்வு, எந்தச் சாதனத்தை வாங்குவது என்று முடிவெடுக்கும் டெண்டர் குழுவில் இடம் ஆகியவை இருந்தால்தான் இது வேலை. எளிதில் பேட்டரி மாற்ற முடியாத மாடலை வாங்காதீர்கள் என்று அந்தக் குழுவில் சொல்ல, பேட்டரி மாற்றிய கை ஒன்று வேண்டும்.

2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கொடுக்கப்படும் சாதனங்களின் பேட்டரிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் தளரும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடலாம். அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து, அதற்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.