கண்விழிப்பும் மைசூர்பாகும்

கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறிக் கோயமுத்தூரில் நர்ஸ் வேலைக்குப் போய்வரும் நம் பழைய மாணவி ஒருத்தி, சென்ற வாரம் கண் கலங்க வந்து நின்றாள். ஆறு வருஷத்தில் எடை பத்துக் கிலோ ஏறிவிட்டதாம். "நாக்கைக் கட்டத் தெரியலைன்னு வீட்டிலே ஏசறாங்க, ஸார்!" என்றாள்.

விசாரித்தோம். வார்டில் குழந்தை பிறந்தால் மைசூர்பாகு. நோயாளி குணமாகி வீடு திரும்பினால் லட்டு. "எடுத்துக்குங்க அம்மிணி" என்று ஒரு பாட்டி நீட்டும்போது வேண்டாமென்றால், அன்பையே தள்ளியதாகாதா?

ஆனால் குற்றம் நாக்கினுடையது மட்டுமன்று. 2004-இல் சிக்காகோ சர்வகலாசாலையார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், 12 வாலிபர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு 28 சதவீதம் கூடிற்று. போதுமென்று சொல்லும் சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. தித்திப்பின்மேல் ஆசையும் பெருகிற்று. பிறருக்காக இராமுழுதும் கண்விழிப்பவளைத் தீனிக்காரி என்பது நியாயமா?

அதற்காக அசட்டையாக இருக்கலாகாது. ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள நம் நாட்டுப் பெண்ணுக்கு 60 கிலோவைத் தாண்டினாலே உடற்பருமன் என்பது வைத்தியர்கள் கணக்கு. ஆகவே அவள் ஒரு விள்ளல் மட்டும் எடுத்துக்கொண்டு, "மிச்சம் வீட்டுக் குழந்தைகளுக்கு" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்கட்டும். நடுநிசிப் பசிக்குக் கொள்ளுச் சுண்டலும் மோரும் கொண்டுபோகட்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் திரும்புகிறவளை நேரே அடுப்படிக்கு அனுப்பாதீர்கள், தூங்க விடுங்கள். முதல் மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது.