உடம்புக்குச் சட்டையா, சட்டைக்கு உடம்பா?

உணவு, உடை, உறையுள் என மக்களின் தேவைகளை மூன்றாக வகுத்து வகுப்பறையிலே பாடம் சொல்லுகிறோம். முதலாவதைப் பற்றியும் மூன்றாவதைப் பற்றியும் நமது முற்போக்காளர் எழுதிக் குவித்தவை ஏராளம். நடுவில் நிற்கும் உடையோ அலங்காரப் பிரியர்களுக்குரிய விடயமென ஒதுக்கப்பட்டுவிட்டது. உடுக்கத் துணியில்லாதவனின் துயரமாவது ஒரு சில கதைகளில் இடம்பெற்றதுண்டு. தன் உடம்புக்கு ஏற்ற துணி கிடைக்காதவரின் துயரமோ துயரமென்றே மதிக்கப்படவில்லை. அதிலும் அந்த உடம்பு பருத்த உடம்பாயின், துயரம் நகைச்சுவையாகி விடுகிறது.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அந்த நகைச்சுவையைத்தான். வருவாய் குறைந்த, பருத்த உடலுடைய ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், வைத்தியரின் சொற்படி எடையைக் குறைக்க முற்படுகிறார் என வைத்துக்கொள்வோம். அம்முயற்சி நடைபெறும் மாதங்களில் அவர் எதை உடுப்பது? அதற்கு விலை என்ன? அந்த விலையை விதித்தவர் யார்?

“வயிறு காயும் நாட்டிலே பருமனைப் பற்றிய பேச்சா?” என்று நம்மவரே சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவோம். பருமன் செல்வத்தின் அடையாளமாயிருந்த காலம் மலையேறிவிட்டது என்பதை அவர்கள் இன்னும் அறியவில்லை. இன்றைய சந்தையிலே குறைந்த காசில் வயிற்றை நிரப்புவன மாவும் சீனியும் எண்ணெயுமே. மீனும் முட்டையும் பழமும் காசுள்ளவனின் கூடைக்குச் செல்வன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பல குடும்பங்கள் முதலில் கைவிட்டவையும் இவைதாம். நமது கந்தளாயிலே 1960இல் இயங்கத் தொடங்கிய சீனி ஆலை 1993இல் மூடப்பட்டது. ஆலைதான் மூடிற்று, சீனிக்கு மூடுவிழா இல்லை. அது கப்பலேறி வந்து, தேநீர்க் கோப்பையிலும் பணிஸிலும் போத்தற் பானத்திலும் கரைந்து, உழைக்கும் மக்களின் இரத்தத்திலே நீரிழிவாகத் தங்குகிறது. ஆகவே பருமனைப் பற்றிப் பேசுவது பசியை மறப்பதாகாது. பசியை மலிவான பண்டத்தால் ஏமாற்றியதன் விளைவையே நாம் பேசுகிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே இரத்தத்தின் சீனியும் அழுத்தமும் சீர்படத் தொடங்கும் என மருத்துவம் கூறுகிறது. தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருத்திக்கு இது நாலரை முதல் ஒன்பது கிலோ. முறையாகக் குறைத்தால் இதற்கு ஆறு மாதமேனும் ஆகலாம். இக்காலத்தில் அவளது இடுப்பும் மார்பும் கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கும். தொடக்கத்தில் ஓர் அளவு, நடுவழியில் ஓர் அளவு, முடிவில் ஓர் அளவு என மூன்று அளவுச் சட்டைகள் அவளுக்கு வேண்டும். குறைந்த எடை திரும்பவும் ஏறுவது பலரும் கண்ட அனுபவமாதலால், பழைய சட்டையைப் பிறருக்குக் கொடுத்துவிடவும் அவளால் துணிய முடியாது. வைத்தியரின் துண்டிலே மருந்து எழுதப்படுகிறது, உணவு எழுதப்படுகிறது, நடை எழுதப்படுகிறது. அந்த நடைக்கு எதை உடுப்பதென்பது மட்டும் எழுதப்படுவதில்லை.

காசுள்ளவளுக்கு இது மகிழ்ச்சியான செலவு. இளைத்ததைக் கொண்டாடும் செலவு. காசில்லாதவளோ தளர்ந்த சட்டையை ஊக்குக் குத்தி இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். “நோயாளிபோல் ஆகிவிட்டாயே” என்கிறார்கள் அயலார். இளைப்பதற்கு முன்னரோ, குளக்கட்டிலே நடக்கப் போகத் தக்க தளர்வான காற்சட்டையும் மேற்சட்டையும் அவளது அளவில் கடையில் இல்லை. இருந்தால் கைக்கெட்டும் விலையில் இல்லை. இறுகப் பிடித்த உடையோடு பலர் பார்க்க நடப்பதற்குக் கூசி, நடையையே கைவிடுகிறாள். உடனே, “மனவுறுதி இல்லை” என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் பிறந்த குறையை மனத்தின் குறையென்று எழுதுவது எத்தனை வசதியான அறநெறி!

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்றே ஆராய்ந்தால் திகைப்பு உண்டாகும். ஆயத்த உடைக்கு ஒரு பொது அளவைக் காணும் பொருட்டு, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடல்கள் அளக்கப்பட்டன. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் முடிவிலே சேர்க்கப்படவில்லை. அக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு 1958இல் அந்நாட்டு வணிகத் திணைக்களம் பெண்களுடைக்கு ஒரு நியம அளவை வெளியிட்டது. நாளடைவில் அந்த நியமத்தையும் கைவிட்டு, கம்பனிகள் தத்தமக்கு உகந்தவாறு இலக்கமிடத் தொடங்கின. ஒருவரது ‘லாஜ்’ மற்றவரது ‘மீடியம்’ ஆயிற்று. அட்டவணைகள் பலவாயின, நமது பெண்ணின் தோளும் இடுப்பும் அவற்றுக்கு அடிப்படையாகவில்லை.

மருத்துவ உலகமோ இவ்விடயத்தில் வணிக உலகத்தைவிட நேர்மையாக நடந்துகொண்டது. ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி இருபத்து மூன்றிலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. நமது உடம்பு வேறு வகையில் அமைந்தது என்பதை நோயின் கணக்கிலே ஒப்புக்கொண்டாயிற்று. சட்டையின் கணக்கிலே ஒப்புக்கொள்வதுதான் எப்போது?

நிற்க. உடை தைக்கத் தெரியாத நாடா நமது நாடு? கட்டுநாயக்காவிலே 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் பிரேமதாசாவின் அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று ஆண்டொன்றுக்கு நாலாயிரம் மில்லியன் டொலருக்கு மேற்பட்ட உடைகள் இங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. நமது பெண்கள் விரல் நோகத் தைக்கும் உடைகளிலே சிறிய அளவும் உண்டு, பெரிய அளவும் உண்டு, மிகப் பெரிய அளவும் உண்டு. பெரிய அளவைத் தைக்கும் திறமை இந்நாட்டுக்கு இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. தைத்தவளின் தங்கைக்கு அது கிடைப்பதில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

ஓர் உதாரணம் காட்டுவோம். இங்கிலாந்தின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனத்துக்கு மார்புக்கச்சைகள் தைப்பதற்கென 2008இல் துல்கிரியவிலே ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. அக்காலத்தில் அந்நிறுவனம் பெரிய அளவு மார்புக்கச்சைகளுக்கு இரண்டு பவுண் வரை கூடுதல் விலை அறவிட்டு வந்தது. பெரிய அளவுக்குக் கூடுதல் வேலைப்பாடு வேண்டுமென்பது அதன் வாதம். வாடிக்கையாளரான பெண்கள் அதை ஏற்கவில்லை. ஒன்றுகூடினர், எதிர்ப்புத் தெரிவித்தனர், பத்திரிகைகளுக்குச் சென்றனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் கூடுதல் விலையை நீக்கிற்று. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உடுப்பவர்கள் ஒன்றுகூடி, உடம்பின் மீது விதிக்கப்பட்ட வரியை ஒழித்தார்கள். தைக்கின்ற நாட்டிலே அப்படியொரு வரி இருக்கிறதென்று நாம் இன்னும் பேசத் தொடங்கவேயில்லை.

“பெரிய சட்டைக்குத் துணி கூடுதலாகச் செல்லும், விலையும் கூடத்தானே வேண்டும்?” என்று கேட்கும் வியாபாரிக்கு நமது மறுமொழி இதுவாகும். ஐயா, சட்டையின் விலையிலே துணி ஒரு பங்குதான். வெட்டும் கூலி, தைக்கும் கூலி, பொத்தான், போக்குவரத்து, கடை வாடகை, விளம்பரம், 2024 ஜனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி, இவற்றுக்குமேல் உமது இலாபம், இவையெல்லாம் சேர்ந்ததே விலை. துணிக்கேற்ற விலையென்பது உமது கொள்கையாயின், மிகச் சிறிய அளவை உடுப்பவருக்கு ஏன் விலையைக் குறைப்பதில்லை? சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் ஒரே விலை. பெரியதற்கு மட்டும் தனி விலை. இது துணியின் கணக்கன்று. வேறு கடை நாடிப் போக வழியற்றவரின் கணக்கு. இன்னும் ஒன்று: ‘பிறீ சைஸ்’ என்று ஓர் அளவு விற்கிறீர். அதிலே சுதந்திரம் பெற்றது அளவு மாத்திரமே; உள்ளே நுழைய முடியாத உடம்புக்கு அங்கே ஒரு சுதந்திரமும் இல்லை.

ஏற்றுமதியிலே கழிக்கப்பட்டும் எஞ்சியும் நகரங்களுக்கு வந்து, வீதியோரங்களில் குவியலாக விற்கப்படும் உடைகளில் பெரிய அளவு கிடைக்குமே என்பார் உளர். கிடைக்கும், அதிர்ஷ்டச் சீட்டு விழுவதுபோலக் கிடைக்கும். இந்தக் குவியலில் மேற்சட்டை அகப்பட்டால், அந்தக் குவியலில் காற்சட்டை அகப்படாது. இந்த மாதம் பொருந்தியதற்கு அடுத்த மாதம் ஓர் அளவு குறைந்த இணை இராது. மக்களின் உடை அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கலாகாது.

“சாறி இருக்கவே இருக்கிறது, எந்த உடம்புக்கும் பொருந்துமே” என்பது மற்றொரு வாதம். இதிலே பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் மதிக்கிறோம். சாறி, வேட்டி, சாரம், நாடா கோத்த உட்பாவாடை ஆகிய நமது பழைய உடைகள் உடம்பை விசாரணைக்கு அழைப்பதில்லை. உடம்பு பெருத்தால் கொசுவம் குறையும். இளைத்தால் கொசுவம் கூடும். அவ்வுடைகளைக் கண்ட நெசவாளரின் அறிவு பெரிது. ஆனால் சாறிக்கும் ரவிக்கை ஒன்றுண்டு. அது தையற்கூலி கேட்கும். சாறியோடு குளக்கட்டில் விரைந்து நடப்பதும், சைக்கிள் மிதிப்பதும், நெரிசலான பேருந்தில் ஏறுவதும் எத்தகையன என்பதை உடுத்தவரே அறிவர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, சாறியின் விலையையும் போக்குவரத்துத் துன்பத்தையும் எடுத்துக்காட்டி, கண்ணியமான வேறு உடையில் பாடசாலைக்கு வர இடமளிக்குமாறு ஆசிரியைகள் கேட்டனர். அவ்வாண்டு நவம்பரிலே சிலர் அவ்வாறு வந்தும் காட்டினர். உடை ஒழுங்கு மாறாதென்று விடையளித்தது அதிகாரம். பழமையின் நன்மையைப் போற்றுவது ஒன்று. அப்பழமையைக் காட்டிப் பெண்ணின் வாயை அடைப்பது வேறொன்று.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? வெறுமனே வசைபாடி முடிப்பது நமது நோக்கமன்று.

வழி ஒன்று நமது பாடசாலைகளிலேயே இருக்கிறது. 1993 முதல் நமது மாணவருக்கு அரசு சீருடையை இலவசமாக வழங்கி வருகிறது. சட்டையாக அன்று, பெரும்பாலும் துணியாகவே வழங்கியது. துணி, பிள்ளையின் அளவுக்குத் தைக்கப்படுகிறது. ஆகையால் சீருடையிலே பருத்த பிள்ளையென்றும் மெலிந்த பிள்ளையென்றும் கடைக்காரன் பிரிப்பதற்கு இடமில்லை. அங்கும் ஒரு குறையுண்டு: துணியின் நீளம் வகுப்பைப் பார்த்து அளக்கப்படுகிறதேயன்றிப் பிள்ளையைப் பார்த்து அளக்கப்படுவதில்லை. பருத்த பிள்ளையின் தாய் மிகுதித் துணியைக் கடையிலே வாங்குகிறாள். இதனைத் திருத்துவது ஆசிரியர் சங்கங்கள் இன்றே எழுப்பத்தக்க கோரிக்கை.

இரண்டாவது, தையலிலே இடம் விடுதல். நல்ல தையற்காரர் பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைப்பார். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம், இளைத்தால் பிடித்துத் தைக்கலாம். ஒரே சட்டை மூன்று அளவுக்கு உழைக்கும். தொழிற்சாலைச் சட்டையிலோ கால் அங்குலம் மிஞ்சினால் அதிகம். அந்த முக்கால் அங்குலத்தை மிச்சம் பிடித்தே கம்பனி இலாபம் காண்கிறது. அது இல்லாமையாலேயே ஏழை புதிய சட்டை வாங்குகிறாள். உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கப்படும் உடைகளிலேனும் இந்த இடத்தை விடுமாறு கேட்போம். எல்லா அளவுக்கும் ஒரே விலை என்பதையும் சேர்த்தே கேட்போம்.

மூன்றாவது, கூட்டுறவு. ஒவ்வொரு பிரதேசத்திலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாடசாலைகளிலே மனையியல் பாடம் இருக்கிறது. தையல் அறிந்த ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளிலே பல்லாண்டு உழைத்து, கண் மங்கி, ஓய்வூதியமின்றி ஊர் திரும்பிய பெண்களும் இருக்கிறார்கள். இம்மூவரையும் சேர்த்தால், உடையைத் திருத்திக் கொடுக்கும் கூடம் ஒன்று பிறக்கும். இளைத்தவள் கொண்டுவரும் பெரிய சட்டை, இளைக்கத் தொடங்குபவளுக்குக் கைமாறும். நோயாளரை நடக்கச் சொல்லி அனுப்பும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அக்கூடத்தின் முகவரியையும் எழுதிக் கொடுக்கலாமன்றோ? சிங்களப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே சந்தையிலே ஒரே விலைக்கு ஏமாறுகின்ற கந்தளாய் போன்ற ஊரிலே, அவர்களை ஒரே மேசையைச் சுற்றி அமர்த்துவதற்கு இதைவிட எளிய காரியம் வேறு எது?

தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. அந்த வேதனத்திலே அரிசியும் மருந்தும் பிள்ளையின் கொப்பியும் போக, உடைக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கணக்குப் பாடம் படித்த எந்த மாணவனும் சொல்லிவிடுவான். அந்தத் தொகையை முன்வைத்து உடையை வெட்டுங்கள் என்றே நாம் கேட்கிறோம். உடம்பை வெட்டிச் சட்டைக்குள் திணிக்கும் நாகரிகத்தை, தைக்கத் தெரிந்த ஒரு நாடு ஏற்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை வகுப்பிலே பருத்த தோழியின் சட்டையைக் கண்டு எவரேனும் சிரித்தால், அந்தச் சட்டையின் விலை என்ன, அதைத் தைத்தவளின் கூலி என்ன, இடையிலுள்ள பணம் எவரிடம் போயிற்று என்று கேளுங்கள்.